திறந்தவன்தான் மூட வேண்டும்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் ஞானஸ்நானம் வாங்கியவன், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை முழுக்கியபோது மழையில்லாத வருஷம். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான் ஓடியது. என் பாவம் முழுதாக நனையவில்லை என்று போதகரே அடுத்த மாதம் திரும்பக் கூப்பிட்டு அமுக்கினார். அந்த இரண்டு முழுக்கின் மேலும், மலையுச்சியில் படுத்திருக்கிற என் தாயின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்.

என் பெயர் வெர்லின் டாக்கெட். டென்னசியின் கிழக்கு மலையில், ப்ரூவிட் கணவாய் நீதிமன்றத்துக்கு முன்னால் போட்டிருக்கிற பெஞ்சில் நாற்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உட்காருகிறவர்களுக்கு இரண்டு வேலை. தேவதாருக் குச்சியைச் சீவுவது ஒன்று. சீவுகிற கத்தியை இன்னொருவன் கத்திக்கு மாற்றிக்கொள்வது இன்னொன்று. மடக்குக் கத்தி விஷயத்தில் என் வார்த்தைதான் இந்த ஜில்லாவில் கடைசி வார்த்தை. அதாவது, 1988 அக்டோபர் வரைக்கும்.

எது பழைய கத்தி, எது பழசு மாதிரிச் செய்த புதுசு என்று ஜனங்கள் கண்ணால் பார்க்கிறார்கள். கள்ளக் கத்தி செய்கிறவன் கண்ணைத்தான் முதலில் விலைக்கு வாங்குகிறான். துரு வேண்டுமா, உப்புத் தண்ணீர் போதும். இரும்பு கறுக்க வேண்டுமா, புளித்த ஆப்பிளுக்குள் இரண்டு நாள் குத்தி வைக்கலாம். எலும்புக் கைப்பிடி மஞ்சளாக வேண்டுமா, காப்பியில் போட்டு வேகவைக்கலாம். ஆனால் கத்திக்கு நடையும் பேச்சும் உண்டு. திறக்கும்போது அலகு எழுந்து வருகிறதே, அது நடை. மூடும்போது முதுகிலிருக்கிற வில் ஒரு சத்தம் போடுகிறதே, அது பேச்சு. பழைய கத்தி ஒரே வார்த்தையில் முடிக்கும். புதுக் கத்தி பெண் கேட்க வந்தவன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசும்.

ஒரு தடவை ஹோபர்ட்டின் முடிதிருத்தும் கடையில் முகத்தில் சூடான துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தேன். தெருவில் போன லாரிக்குள் எவனோ கத்தியை மூடினான். "1908. ஒரு ஆணி மாத்தினது" என்றேன். ஹோபர்ட் சோப்பு நுரையோடு ஓடிப்போய் லாரியை நிறுத்திப் பார்த்தான். ஆணி சரிதான். கத்தி 1909. மூன்று நாள் எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பரில் ஆன்செல் பிளெட்சோ செத்துப்போனார். நூறு ஏக்கர் நிலம், ஆற்றோரம் ஒரு வீடு, இரண்டு மகன்கள். மூத்தவன் டார்சி வடக்கே டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இளையவன் ராய்ஸ் பெண்டாட்டி லெட்டியோடும் பிள்ளைகளோடும் அப்பன் வீட்டிலேயே இருந்தான். வக்கீல் உயிலைப் பிரித்தால் இரண்டே வரி: "என் கத்தியை எந்த மகன் கையில் கொடுத்தேனோ அவனுக்கு வீடும் நிலமும். மற்றவன் நியாயம் கேட்க வேண்டாம்."

ஆன்செலின் கத்தி எது என்று ஊருக்கே தெரியும். இரட்டைச் சேவல் முத்திரை, ஒற்றை அலகு, மஞ்சள் எலும்புக் கைப்பிடி. அந்தக் கம்பெனி 1911இல் எரிந்து சாம்பலானது. அறுபது வருஷம் கழித்து எவனோ பேரை மட்டும் வாங்கி, அதே சேவலைப் போட்டுப் புதுசு புதுசாகச் செய்து தபாலில் விற்றான். ஆன்செலுடையது எரிவதற்கு முந்தைய சரக்கு என்பது ஊர் நம்பிக்கை. அவர் அதை யார் கையிலும் கொடுக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து, அரை நிமிஷம் காட்டி, பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்.

உயில் படித்த அன்று டார்சி தன் பாக்கெட்டிலிருந்து இரட்டைச் சேவல் கத்தி ஒன்றை எடுத்தான். ராய்ஸ் தன் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தான்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வெர்லினைக் கூப்பிடுங்க" என்று சொன்னாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஓப்பல் நடத்தும் காப்பிக் கடையில் வைத்துக்கொண்டோம். நான் நடு மேஜையில் உட்கார்ந்தேன். டார்சி தலைக்கு எண்ணெய் போட்டு வாரி, சிரித்த முகத்தோடு வந்தான். எனக்குப் பிடித்த புகையிலைக் கட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தான்.

"வெர்லின் மாமா, போன கோடையில நானும் அப்பாவும் மீன் பிடிக்கப் போனப்ப அவரே என் கையில வச்சாரு. அப்புறம் பாக்கெட் காலியா இருக்கக்கூடாதேன்னு புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டாரு. தம்பிகிட்ட இருக்கறது அந்தப் புதுசு. அவன் மேல தப்பு இல்ல. பாவம், அவனுக்குத் தெரியாது."

ராய்ஸ் ஆறரை அடி உயரம். அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுமுனையில் இருக்கிற மூன்று பேரும் ஊஞ்சல் ஆடுவோம். என் நாயை ஒரு தடவை சுட்டிருக்கிறான். குறி தவறிவிட்டது என்று என்னிடமே வருத்தப்பட்டான்.

"யோவ் டாக்கெட், இது அப்பன் சாகறப்ப குடுத்தது. எது நிஜமோ அதைச் சொல்லிட்டுப் போயிட்டே இரு. எனக்குப் புகையிலை வேலை கெடக்கு."

டார்சி கத்தியைத் திறந்து என் வலது கையில் வைத்தான். ராய்ஸ் தன்னுடையதைத் திறந்து இடது கையில் திணித்தான்.

எங்கள் மலையில் ஒரு சட்டம் உண்டு. கத்தியைத் திறந்தவன்தான் மூட வேண்டும். இன்னொருவன் திறந்ததை நீ மூடினால், அந்த வருஷமே உன் வீட்டில் ஒரு சாவு. திறந்த கத்தியைக் கீழே வைக்கவும் கூடாது. வைத்த இடத்தில் ரத்தம் விழும். இதையெல்லாம் நம்பாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் மூட மாட்டார்கள்.

திறக்கும்போதே இரண்டின் நடையையும் கேட்டுவிட்டேன். டார்சியின் கத்தி எழுந்த எழுச்சி, கல்யாண வீட்டுக்குள் நுழையும் சம்பந்தி மாதிரி. 1906. எரிவதற்கு முந்தைய சரக்கு, சுத்தமான நிஜம். ராய்ஸின் கத்தி இழுத்துக்கொண்டு வந்தது. புதுசு. புதுசு மட்டும் இல்லை; அந்த இழுவை எனக்குத் தெரிந்த இழுவை. அந்தக் கத்தியை நான்தான் செய்தேன்.

பதினாறு வருஷத்துக்கு முந்தைய கதை அது. தபாலில் ஒரு புதுச் சேவல் கத்தி வாங்கினேன். காப்பியில் வேகவைத்தேன். நாற்பது நாள் கோழிக் கூண்டின் எருவுக்குள் புதைத்தேன். கைப்பிடியில் பதித்திருந்த சின்னக் கேடயத் தகடு பளபளவென்று காட்டிக்கொடுத்தது. அதைப் பிடுங்கிவிட்டு, பழைய துப்பாக்கித் தோட்டாவின் அடிப்பாகத்தை வெட்டி, எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி பதித்தேன். எல்லாம் ஹோபர்ட்டை ஏமாற்றிச் சிரிப்பதற்காக. ஆனால் அந்தச் சனிக்கிழமை பெஞ்சுக்கு முதலில் வந்தவர் ஆன்செல்.

"முஷ்டி மாத்து" என்றார்.

பெஞ்சின் பழைய விளையாட்டு அது. ஆளுக்கொரு கத்தியை மூடிய கைக்குள் வைத்து நீட்டி, பார்க்காமல் மாற்றிக்கொள்ள வேண்டும். கை திறந்த பிறகு யாரும் முனகக்கூடாது. எனக்கு நுனி உடைந்த பேனாக்கத்தி வந்தது. ஆன்செல் கையைத் திறந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எங்க தாத்தாகிட்ட இதே கத்தி இருந்துச்சு வெர்லின். வெள்ளத்துல போச்சு. இது... நிஜந்தானே?"

மாற்றியது குற்றமில்லை. அடுத்து நான் வாயைத் திறந்ததுதான் குற்றம்.

"இதைவிட நிஜமானதை நான் பார்த்ததில்ல ஆன்செல்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சொல்லிச் சிரித்துவிடலாம் என்று இருந்தேன். நடுவில் ஞாயிறு வந்துவிட்டது. ஆன்செல் தேவாலயத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் தன் தாத்தாவின் கத்தியை வெள்ளத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார் என்று சாட்சி சொன்னார். நான்கு பேர் அழுதார்கள். போதகர் பாட்டைத் தொடங்கினார். நானும் பாடினேன். அதற்கப்புறம் எந்தச் சனிக்கிழமையில் சொல்வது?

ஓப்பல் கடையில் இரண்டு திறந்த கத்தியோடு உட்கார்ந்திருந்தபோது என் நிலைமை இதுதான். டார்சியின் கத்தி நிஜம், ராய்ஸுடையது புதுசு என்று உண்மையைச் சொன்னால், திங்கட்கிழமை லெட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்பாள். ராய்ஸுடையதுதான் நிஜம் என்றால் அது பொய். அந்தப் பொய்க்கும் டார்சி வழி அடைத்து வைத்திருந்தான்.

"மாமாவுக்குச் சந்தேகமா இருந்தா சிரமப்பட வேணாம். நாஷ்வில்லிலேருந்து பூதக்கண்ணாடியோட ஒரு ஆளை வரச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வந்துடுவாரு" என்றான் சிரித்துக்கொண்டே.

"வெளிச்சம் பத்தல" என்றேன் நான்.

விளக்கு கொண்டுவந்தார்கள். இரும்பு சூடாக வேண்டும் என்றேன். அடுப்பருகே நாற்காலியோடு தூக்கிவைத்தார்கள். அதிகச் சூடாகிவிட்டது என்றேன். திரும்பத் தூக்கினார்கள்.

"சொல்லு, மூடறேன்" என்றான் ராய்ஸ். "சொல்லுங்க மாமா, மூடிடறேன்" என்றான் டார்சி. இருவரும் எதிரெதிர் மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். இருவர் கையிலும் கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். தீர்ப்பில்லாமல் வாங்க முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

வெள்ளி போய்ச் சனி வந்தது. நான் அதே நாற்காலியில், இரண்டு கையிலும் கத்தியோடு, மெழுகுவர்த்தி பிடித்த பாதிரி மாதிரி. ஓப்பல் சோள ரொட்டியைப் பீன்ஸில் தோய்த்து ஊட்டினாள்.

"வாயைத் திற தங்கம். கல்யாணமானப்பகூட என் புருஷனுக்கு நான் ஊட்டினதில்ல."

"மூக்கு அரிக்குது ஓப்பல்."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

"ரெண்டு பக்கத்துல எது நிஜம்னு சொல்லத் தெரியல, நடுவை மட்டும் கரெக்டா சொல்றே" என்று கரண்டிக் காம்பால் சொறிந்துவிட்டாள்.

கழிவறை விஷயத்தில் ஹோபர்ட் செய்த உதவியைப் பற்றி அவனும் நானும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஜில்லாவிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். மூன்று மணிக்கு ஒரு சிலந்தி டார்சியின் கத்தி நுனியிலிருந்து நூலை விட்டது. நாலரைக்குள் இரண்டு கத்திக்கும் நடுவே வலை கட்டி முடித்தது. ஐந்துக்கு ஒரு ஈ மாட்டியது. ஈயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்காவது சீக்கிரம் முடிந்தது.

"உனக்குத் தெரியலேன்னு ஒத்துக்கோயேன்டா" என்று ஹோபர்ட் காதில் சொன்னான். "வயசாயிடுச்சுன்னு விட்டுருவாங்க."

"தெரியாம இல்லடா."

"அப்ப சொல்லித் தொலை."

"தெரியறதுதான் கஷ்டம்."

"லாரிக்குள்ள இருந்த கத்திக்கு வருஷம் சொன்ன வாய்தானே இது?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் லெட்டி வந்தாள். கையெல்லாம் புகையிலைப் பிசின். ராய்ஸைப் பார்க்கவில்லை, டார்சியையும் பார்க்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"கொட்டகையில புகையிலை தொங்குது" என்றாள். "இலை பதமா இருக்கு. நாளைக்கு இறக்கி உரிக்கணும். அது எங்களுதா இல்லையான்னு தெரிஞ்சா ஏணி ஏறுவேன். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ண அடுப்புக் குழாயைக் கழட்டணும், அதுக்கும் அதே ஏணிதான் வேணும். ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு ஏத்த மாதிரி சொல்லச் சொல்லல."

"காலையில சொல்றேன்மா."

"சர்ச்சுக்கு முந்தியா பிந்தியா?"

"பிந்தி."

"அப்ப சாதாரணத் துணியிலேயே வந்துடறேன். எப்படியும் ஏணி ஏறணும்" என்று போய்விட்டாள்.

எனக்கு நயமாகப் பேசியவன் டார்சி. என் நாயைச் சுட்டவன் ராய்ஸ். இதையும் சேர்த்துத்தான் அந்த இரவு முழுக்க யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஊரே ஓப்பல் கடைக்குள் நுழைந்தது. இடம் போதாமல் போதகர் கல்லாப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார்.

"டார்சி வச்சிருக்கறது நிஜமான கத்தி" என்றேன். "1906. எரியறதுக்கு முந்தினது. நாஷ்வில் ஆளு வந்தாலும் இதையேதான் சொல்லுவாரு."

டார்சி கண்ணை மூடி மூச்சு விட்டான். லெட்டி ஏணிக்காகவோ என்னவோ வாசல் பக்கம் திரும்பினாள். ராய்ஸ் எழுந்தான். அவன் எழுந்ததில் கடையின் வெளிச்சம் பாதி போய்விட்டது.

"ராய்ஸ் வச்சிருக்கறது புதுசு" என்றேன்.

"ஆகக்கூடி..." என்று வக்கீல் எழுதத் தொடங்கினார்.

"நிறுத்துங்க. ஆன்செல் பதினாறு வருஷம் பாக்கெட்ல வச்சிருந்ததும் புதுசுதான். அதைப் பழசாக்கினவன் நான். அவருகிட்ட நிஜம்னு சொன்னவனும் நான்தான். அவரு கத்தி எப்பவுமே நிஜமா இருந்ததில்ல. அதனால, நிஜமான கத்தியை எவன் நீட்டறானோ அவன் நீட்டறது அப்பன் கத்தி இல்ல."

அடுப்பில் பீன்ஸ் பொங்கி வழிந்தது. ஓப்பல் அதை இறக்கவில்லை.

டார்சிதான் முதலில் பேசினான். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது; எடுத்துவைக்க மறந்துவிட்டான்.

"மாமாவுக்கு மூணு நாளாத் தூக்கமில்ல. எந்தக் கத்தியைச் செஞ்சாரோ, எங்க போட்டாரோ. இதுதான் அதுன்னு என்ன சாட்சி?"

"ஹோபர்ட், கத்தரிக்கோல் நுனியால இந்த இடதுகைக் கத்தியோட கேடயத்தைப் பேத்தெடு. பின்பக்கத்துல தோட்டா நம்பர் பாதி இருக்கும். பன்னிரண்டாம் நம்பர் தோட்டா. ரெண்டோட வாலை வெட்டும்போது விட்டுட்டேன்."

ஹோபர்ட் நெம்பினான். சின்னத் தகடு தெறித்து மேஜையில் விழுந்தது. வக்கீல் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒண்ணு" என்றார். "அப்புறம் வாலில்லாத ரெண்டு."

டார்சி மெதுவாக வந்து என் வலது கையிலிருந்து கத்தியை வாங்கி மூடினான். ஒரே வார்த்தை. என்ன அழகான பேச்சு!

"நல்ல கத்திதானே மாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"இந்த ஜில்லாவுலேயே நல்ல கத்தி."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. வக்கீல் ராய்ஸ் பெயரை எழுதினார். லெட்டி புகையிலை இறக்கப் போய்விட்டாள்.

ராய்ஸ் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து வந்து இடது கையிலிருந்த கத்தியை எடுத்தான். மூடினான். இழுத்து இழுத்துப் பேசியது.

"அப்பன் இதை என் கையில வச்சு, 'இது நிஜமான கத்திடா'ன்னு சொல்லிச்சு" என்றான். "அதுக்கப்புறம் பேசவே இல்ல. அதுதான் கடைசிப் பேச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் அறைந்த அறையில் நாற்காலியோடு அடுப்புப் பக்கம் போய் விழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. போதகரும் கல்லாப் பெட்டியை விட்டு இறங்கவில்லை. ஓப்பல்தான் வந்து எழுப்பினாள். இந்தத் தடவை தங்கம் என்று கூப்பிடவில்லை.

என் விரல்கள் நிமிர நான்கு நாள் ஆயிற்று. புதன்கிழமை என் வாசலில் ஒரு ஜாடி ஆப்பிள் ஜாம் இருந்தது. யார் வைத்தது என்று எழுதியிருக்கவில்லை. மூடியில் புகையிலைப் பிசின் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து பெஞ்சில் எவனும் என்னிடம் கத்தியை நீட்டி, நிஜமா என்று கேட்பதில்லை. லாரிகள் போகின்றன. உள்ளே கத்திகள் மூடுகின்றன. எனக்கு வருஷம் தெரிகிறது. கேட்கத்தான் ஆளில்லை.

நிஜமா என்று நீங்களும் கேட்கவில்லை. ஆன்செல் பிளெட்சோவுக்கு மகன்களே கிடையாது. ஒரே ஒரு மகள், அவளை நான் கட்டி நாற்பத்தாறு வருஷம் ஆகிறது.